தலை திரும்பியது, குல்லா திரும்பவில்லை

கரூரில் ஸ்வெட்டர் என்பது சொந்தமாக வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை. ஊட்டிக்கு டூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிப் போவது. மார்கழி விடிகாலையில் 20 டிகிரிக்கு இறங்கினால் போதும், டீக்கடை பெஞ்சு முழுக்க மப்ளரும் குரங்குக் குல்லாவும்தான். இந்த முன்னனுபவத்தை நம்பி நான் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் ஒரு பேப்பர் மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். குளிர் பழக்கமா என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். பழக்கம்தான் என்றேன்.

அந்தப் பக்கம் நவம்பர் வந்துவிட்டால் கேன்டீனில் மானைத் தவிர வேறு பேச்சு கிடையாது. யார் எங்கே பார்த்தது, கொம்பில் எத்தனை கிளை, காற்று எந்தப் பக்கம். நான் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தலையாட்டுவேன். முப்பது வருஷத்துக்கு மேல் மெஷின் ஓட்டிய பெரியவர் ஒருவர் ஒருநாள், "நீயும் வாயேன்" என்றார். சும்மா மரியாதைக்குக் கேட்டிருக்கிறார். எனக்கு உறைக்கவில்லை.

துப்பாக்கி என்றிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். அவர் வில் என்றார். வில் நம்ம சமாச்சாரம் ஆயிற்றே, ராமாயணம் கேட்டு வளர்ந்தவனுக்கு என்ன பயம் என்று ஒப்புக்கொண்டேன். வில்லை எடுத்துக்கொண்டு மான் பின்னால் போனவர் குடும்பத்தில் அப்புறம் என்ன நடந்தது என்பதை வீட்டில் மனைவிதான் ஞாபகப்படுத்தினாள்.

நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்றால் கோர்ட், ஜாமீன், டிவி நியூஸ். விஸ்கான்சினில் அதற்கு சீசன் உண்டு, லைசன்ஸ் உண்டு. 1973 ஜனவரி 1-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருக்க வேண்டும். வகுப்புக்குப் போனேன். பெஞ்சு முழுக்கப் பல்லுக்குக் கம்பி கட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள். எனக்கு முன்னால் பரீட்சையை முடித்துவிட்டு எழுந்த பொடியன் ஒருவன் போகிற போக்கில் என் தோளைத் தட்டி, "கவலைப்படாதீங்க, ஈஸிதான்" என்றான்.

லைசன்ஸ் கைக்கு வந்ததும் வேட்டைக்காரன் ஆகிவிட்டதாக நினைத்தேன். துப்பாக்கிக்காரர்கள் 100 கஜத்துக்கு அப்பால் நிற்கிற மானையும் சுடுவார்கள். வில்லுக்காரனுக்கு அது 20, 30 கஜத்துக்குள் வந்தாக வேண்டும். வருகிறவரை மரத்தில் 18 அடி உயரத்தில் கட்டிய பரணில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார வேண்டும். நடக்கிறவனுக்கு உடம்பு சூடாகும், உட்கார்ந்திருப்பவனுக்கு எங்கிருந்து சூடு வரும்? அதனால் அங்கே வில்லைவிடத் துணியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். வீரவிளையாட்டு என்று நம்பிப் போனவனுக்குக் கிடைத்தது ஜவுளிக்கடைப் பேச்சு. அதைக் கேட்கக் கரூரைவிட்டு வந்திருக்கவே வேண்டாம்.

நான் முதலில் வாங்கியது நைலான் மேல்துணி போட்ட புஸுபுஸு ஜாக்கெட். விலை அதிகம் என்பதால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பெரியவர் தன் கராஜில் என்னை நிற்கவைத்து, "வில்லை இழுக்கிற பாவனையில் கையைத் தூக்கு" என்றார். தூக்கினேன். சர்ர்ர் என்றது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "இந்த கவுன்ட்டியில் இருந்த மானெல்லாம் இப்போதே கிளம்பிவிட்டது" என்றார். கடையில் திருப்பிக் கொடுக்கும்போதும் அது சர்ர்ர் என்றது.

கம்பளிக்கு அந்தச் சத்தம் கிடையாது. கிளையில் உரசினாலும் கையை மடக்கினாலும் மூச்சு விடாது. பெரியவரின் அலமாரியில் கறுப்பும் சிவப்புமாகப் பெரிய கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு ஒன்று தொங்கியது. பென்சில்வேனியாவில் 1830-ல் தொடங்கிய உல்ரிச் மில்லில் 1850-லிருந்து நெய்த டிசைன் அது. அந்த மாநில வேட்டைக்காரர்கள் மேலும் கீழும் அதே துணியில் போட்டுக்கொண்டு திரிந்ததால் அதற்குப் பென்சில்வேனியா டக்ஸீடோ என்றே பெயர். இவ்வளவு சிவப்பாக இருந்தால் மான் பார்த்துவிடாதா என்று புத்திசாலித்தனமாகக் கேட்டேன். மானுக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும், நீலம்தான் பளிச்சென்று தெரியும் என்றார். இந்த நீல விவகாரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அதே கட்டத்தில் எனக்கும் ஒரு கோட்டு வாங்கி வீட்டில் போட்டுக் காட்டினேன். மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஏனுங்க, நம்மூருப் பெட்ஷீட்டத் தெச்சுப் போட்டுக்கறதுக்கு இத்தன தூரம் வரோணுமுங்களா?" என்றாள். கரூரிலிருந்து கப்பல் ஏறும் பெட்ஷீட்டுகளில் பாதி இந்தக் கட்டம்தான் என்று அவள் மாமா வீட்டுச் சாட்சி வேறு.

குளிர்காட்டில் எல்லோர் வாயிலும் ஒரு வாசகம் உண்டு: பருத்தி கொல்லும். அப்பாவின் தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவனிடம் இதைச் சொன்னால் கோபம் வருமா வராதா? வந்தது. பிடிவாதமாகத் தோலையொட்டித் திருப்பூர் பனியனை மாட்டினேன். அதன்மேல் ஃபிளானல் சட்டை, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், இன்னொரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் கட்டம் போட்ட கோட்டு. கையைக் கீழே தொங்கவிட முடியவில்லை. இரண்டு கையும் பக்கவாட்டில் தானாக நின்றன.

காரை நிறுத்திய இடத்திலிருந்து பரணுக்கு அரை மைல். விடியாத இருட்டு, கணுக்கால் வரை பனி, முதுகில் பை, கையில் வில். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டே நடந்தேன். சித்திரை மாதத்தில் கரூர் பஸ் ஸ்டாண்டில்கூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை. பரணேறி உட்கார்ந்தபோது, குளிரே இல்லையே, இதற்கா இவ்வளவு பில்டப் என்று சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அரை மணி நேரம் நீடித்தது.

பிறகு பனியன் வேலையைக் காட்டியது. பருத்தி வேர்வையை இழுத்துக்கொள்ளும், லேசில் விடாது. ஈரத்துணி தோலோடு ஒட்டிக்கொண்டால் நடுவில் காற்று நிற்க இடமில்லை. தண்ணீரோ காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு சுலபமாகச் சூட்டைக் கடத்திவிடும். கம்பளி இழையின் குணமே வேறு. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாது. அப்படி வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியே விடும். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், மில்லில் என் உத்தியோகமே செல்லுலோஸ் எவ்வளவு ஈரம் பிடித்திருக்கிறது என்று அளப்பதுதான். பருத்தி என்பது கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ். எட்டு மணி நேரம் சம்பளத்துக்குத் தெரிகிற விஷயம், ஷிப்ட் முடிந்ததும் தெரியாமல் போய்விடுகிறது.

சரி, உள்ளேயும் கம்பளியே போடுவோம் என்று இறங்கினேன். விலையைப் பார்த்ததும் ஏறிவிட்டேன். பழைய துணி விற்கும் கடையில் யாரோ ஒரு ராணுவ வீரருடைய கம்பளிக் கால்சட்டை மலிவாகக் கிடைத்தது. கம்பளியில் 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழை வளைந்து கொடுக்காமல் நுனியால் தோலைக் குத்தும். நல்ல மெரினோ 20 மைக்ரானுக்குள் இருப்பதால் மடங்கிப் போய்விடும். இந்த விவரமெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கால்சட்டைக்கு மயிர் கொடுத்த ஆடு வாழ்நாளில் யாரையும் மன்னித்ததில்லை என்பதுதான். பரணில் அசையக்கூடாது. சொறிவதும் அசைவுதான். பெரியவர் பக்கத்து மரத்திலிருந்து முறைத்தார்.

கடைசியில் மெரினோ உள்ளாடை ஒரு செட் வாங்கினேன். வீட்டில் பாதி விலைதான் சொன்னேன். போட்டுப் பார்த்தால் சுகம். மறுபடி போட்டாலும் நாற்றம் இல்லை, அதுவும் கம்பளியின் சாமர்த்தியங்களில் ஒன்று. மானுக்கு மூக்குதான் முதல் காவல்காரன் என்பதால் இது பெரிய விஷயம். அதை அப்படியே விட்டிருக்கலாம். சுத்தம் சோறு போடும் என்று வளர்த்துவிட்டார்களே, துவைத்தேன்.

மல்லிகை மணம் வீசும் சோப்புத்தூள், மெஷினில் இருப்பதிலேயே சூடான தண்ணீர், அப்புறம் டிரையர். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் உருட்டலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பின்வாங்க மறுக்கும், துணி சுருங்கித் தடித்துவிடும். எடுத்துப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்பு படிக்கிற என் மகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. பாதி விலை சொல்லியிருந்த பொய், அவள் அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போன அன்று பில்லோடு சேர்ந்து வெளியே வந்தது.

சோப்புத்தூளில் இன்னொரு கூத்தும் இருந்தது. வெள்ளையைப் பளிச்சிட வைக்க அதில் சேர்க்கிற ரசாயனம் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிவிடும். நமக்கு அது வெண்மை. மான் கண்ணுக்கு, அதிலும் விடிகிற வேளையில், விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கணக்கு. அதே குடும்பத்து ரசாயனத்தைத்தான் காகிதம் வெளுப்பாகத் தெரிய எங்கள் மில்லிலும் போடுகிறோம். டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான்.

கால் விவகாரத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1991-ல் ஆல்ப்ஸ் பனிக்குள்ளிருந்து ஓட்ஸி என்று பெயர் வைக்கப்பட்ட ஒருவரின் உடலை எடுத்தார்கள். சுமார் 5,300 வருஷத்துக்கு முந்தைய ஆள். ஆட்டுத்தோலை ஒட்டுப்போட்டுத் தைத்த கோட்டு, கரடித்தோல் குல்லா, குளிர் ஏறாமல் இருக்கச் செருப்புக்குள் காய்ந்த புல். கூடவே ஒரு வில், செதுக்கி முடிக்காதது. என்னுடைய வில் முழுசாக இருந்தது. மற்றதில்தான் அவர் என்னைவிட ஐயாயிரம் வருஷம் முன்னேறியிருந்தார்.

புல்லின் வேலை காற்றைப் பிடித்து வைப்பது. நான் பூட்ஸுக்குள் சாக்ஸ் மேல் சாக்ஸாக மூன்று ஜோடி திணித்தேன். காற்றும் நுழையவில்லை, ரத்தமும் நுழையவில்லை. போதாததற்கு இரும்புத்தூள் போட்ட சூட்டுப் பொட்டலத்தையும் அடியில் செருகினேன். அந்த இரும்புத்தூள் துருப்பிடிக்கும்போதுதான் சூடு வரும், துருப்பிடிக்கக் காற்று வேண்டும். அது பாட்டுக்கு உள்ளே ஜில்லென்று கிடந்தது. இறங்கும்போது கால்விரல் பத்தும் இருக்கிறதா என்று எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இன்னொன்று, இதைப் பெண்கள் தாண்டிப் போய்விடலாம். காலையில் ஃபிளாஸ்க் நிறையக் காபி குடித்திருக்கிறீர்கள். 18 அடி உயரத்தில் இருக்கிறீர்கள். விழாமல் இருக்கத் தொடையைச் சுற்றி ஹார்னஸ் பெல்ட். அதற்குள் கோட்டு, அதற்குள் கம்பளிக் கால்சட்டை, அதற்குள் இரண்டு லாங் ஜான்ஸ். ஒவ்வொன்றிலும் திறப்பு ஒவ்வொரு இடத்தில். கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கிறது, கழற்றாவிட்டால் எதுவும் அகப்படவில்லை. ஏணியில் இறங்கி, அவிழ்த்து, மறுபடி கட்டி, ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது திரும்பவும் வந்தது.

காக்கவ்னா என்று எங்களுக்கு அடுத்த ஊர். 1903-ல் அங்கே ஸ்டார்மி குரோமர் என்கிற ரயில் டிரைவர், எஞ்சினில் போகும்போது தொப்பி காற்றில் பறக்கிறதே என்று மனைவி ஐடாவிடம் புலம்பினார். அந்த அம்மாள் பழைய பேஸ்பால் தொப்பியில் காது மறைக்கும் பட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தார். கம்பளியில் செய்யும் அந்தத் தொப்பி அவர் பெயரிலேயே இன்றும் விற்கிறது, பெரியவர் தலையில் எப்போதும் இருப்பதும் அதுதான். இந்தக் கதையை வீட்டில் உருக்கமாகச் சொன்னேன். "நானா இருந்தா, ஜன்னலச் சாத்திட்டு ஓட்டுங்கன்னு சொல்லியிருப்பேனுங்க" என்றாள்.

எனக்குத் தொப்பி தேவையில்லாமல் போனதற்குக் காரணம் அம்மா. ஊரிலிருந்து கூரியரில் குரங்குக் குல்லா அனுப்பியிருந்தாள். "ஏஞ்சாமி, பனி காதுக்குள்ள பூந்துக்கும், என்ன ஆனாலும் இதக் கழட்டிப்போடாத" என்று போனில் உத்தரவு. உச்சியில் ஒரு குஞ்சலம். நிறம், மயில் நீலம்.

அந்தக் குல்லாவோடு உட்கார்ந்திருந்த ஒரு விடிகாலையில் மான் வந்தேவிட்டது. கொம்புள்ள ஆண். சத்தமில்லாமல் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து 20 கஜத்துக்கு வந்து நின்றது. கம்பளிக் கோட்டு மூச்சு விடவில்லை. நாணை இழுத்தேன், இழுபட்டது. முன்கையில் காப்புப் பட்டை கட்டிச் சட்டையை அமுக்கியிருந்ததால் நாண் கையில் தட்டவும் வழியில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக எல்லாம் சரியாக இருந்தது. மான் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தது. நானும் தலையைத் திருப்பினேன்.

தலை திரும்பியது, குல்லா திரும்பவில்லை. முகத்துக்கென்று விட்ட ஓட்டை பழைய திசையையே பார்த்துக்கொண்டிருக்க, என் வலது கண்ணுக்கு முன்னால் மயில் நீலக் கம்பளி. இரண்டு கையும் வில்லில். ஊதிப் பார்த்தேன், தாடையை ஆட்டிப் பார்த்தேன், உதட்டால் இழுத்துப் பார்த்தேன். கை நடுங்க ஆரம்பித்ததும் நாணை மெள்ளத் திரும்ப விட்டுவிட்டுக் குல்லாவைச் சரிசெய்தேன். மான் தெறித்து ஓடியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தது.

பெரியவர் எதுவும் சொல்லாமல், அடுத்த நாள் காலை தன்னோடு நடக்கச் சொன்னார். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி. அவர் மெல்லிய மெரினோ உள்ளாடையும் ஒரு கம்பளி வெஸ்ட்டும் மட்டும் போட்டிருந்தார். கோட்டு சுருட்டி முதுகுப்பையில் கட்டியிருந்தது. காரிலிருந்து இறங்கியதும் நடுங்கினார், நடுங்கிக்கொண்டே மெதுவாக நடந்தார். வேர்க்காமல் பரணடிக்குப் போய்ச் சேர்ந்து, உடம்பு ஆறுகிற வரை நின்று, அப்புறம் ஒவ்வொன்றாக மாட்டினார். பூட்ஸுக்குள் தடித்த கம்பளி சாக்ஸ் ஒரே ஜோடி, விரல் ஆட இடம். மொத்தத்தில் நான் போட்டதைவிடப் பாதித் துணிதான். அவ்வளவு நாளும் அவர் பக்கத்திலேயே காரில் இறங்கியிருக்கிறேன். அவருக்கு வயதாகிவிட்டது, போட மறந்துவிட்டார் என்று பரிதாபப்பட்டிருக்கிறேன்.

நடுவில் துப்பாக்கி சீசனும் வந்தது. அந்த ஒன்பது நாளும் வில்லுக்காரனும் பளீரென்ற ஆரஞ்சு நிறம் மேலே போட்டிருக்க வேண்டும், 2016-லிருந்து பளீர் பிங்க்கும் செல்லும். தள்ளுபடியில் பிங்க் இருந்தது. மானுக்கு அது எப்படித் தெரிந்ததோ, மில் பார்க்கிங்கில் எல்லோருக்கும் தெரிந்தது.

டிசம்பரில் ஒருவழியாகத் தேறினேன். நடுங்கிக்கொண்டே நடந்தேன், வேர்க்கவில்லை. ஆறவிட்டு மாட்டினேன். குத்தாத உள்ளாடை, அதன்மேல் நடுத்தர ஸ்வெட்டர், கட்டம் போட்ட கோட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் காக்கவ்னாத் தொப்பி. ஹார்னஸ் கொக்கியை மரத்தில் மாட்டி உட்கார்ந்தேன். கால் சூடு, கை சூடு, முதுகு சூடு. அந்த நாட்டுக்கு வந்த பிறகு வீட்டுக்கு வெளியே முதல்முறையாக எனக்குக் குளிரவில்லை. இதமாக இருந்தது. ரொம்ப இதமாக.

பெரியவர் எதிர் மரத்தில் தானியங்கிக் கேமரா ஒன்று கட்டி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. படத்தில் எல்லாம் துல்லியமாக இருக்கிறது. கீழ்மூலையில் காலை 7:42, வெப்பநிலை 14 ஃபாரன்ஹீட். பரணுக்கு நேர் கீழே பனியைக் காலால் கிளறி எதையோ மேய்ந்துகொண்டிருக்கும் இரண்டு மான்கள். மேலே, பெல்ட்டில் பத்திரமாகத் தொங்கியபடி, வாயைத் திறந்துகொண்டு நான்.

திங்கட்கிழமை அந்தப் படம் கேன்டீன் நோட்டீஸ் போர்டில் இருந்தது. கேலிக்குத் தயாராகத்தான் தயிர்சாதத்தைத் திறந்தேன். முதலில் வந்தவர் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தார், வெப்பநிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பதினாலு டிகிரியில் தூங்கியிருக்கிறாயே, கோட்டு எங்கே வாங்கினாய்?" என்றார். மாலைக்குள் மெயின்டனன்ஸ்காரர்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் என்று வரிசையாக வந்து விசாரித்தார்கள். கடை பெயரை எழுதிக் கொடுத்தேன். வெந்நீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று, காலங்காலமாகக் கம்பளி கட்டுகிற பரம்பரையில் வந்தவன் தோரணையில் சொல்லியும் வைத்தேன்.